திருகாணிகளுக்கு ஒரு குடவோலை

ஸ்க்ரூவை முடுக்குவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மூட்டையாகக் கொட்டிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஸ்க்ரூக்களில் ஒன்றை மட்டும் பிரித்து, தலை மேலும் கால் கீழுமாக நிமிர்த்தி, முடுக்கும் முனைக்கு நேர் கீழே, கேட்ட நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. மனிதக் கைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. டப்பாவுக்குள் விரலை விட்டு ஒன்றைக் கிள்ளி எடுத்து, விரலிடுக்கிலேயே உருட்டி நுனியைக் கீழே கொண்டுவருவதற்குள் கண் அடுத்த ஓட்டையைத் தேடிப் போயிருக்கும். இந்த ஒன்றிரண்டு நொடி வேலைக்கு இயந்திரங்கள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தங்கள் விரல்கள்மேல் தனி மரியாதை வந்துவிடும்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் இந்தப் பாடு இன்று வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஏரிப் பாசனமும் நெல்லும் கல்குவாரியுமாக இருந்த ஊர்களுக்குள் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் நுழைகிறது. ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது 1998-இல். அதன்பின் வந்த கால் நூற்றாண்டில், ஐடிஐ முடித்த பையனும் பிளஸ் டூ முடித்த பெண்ணும் ஷிப்டுக்குப் போகாத தெரு இந்தப் பக்கத்தில் குறைவு. திண்ணையில் காதில் விழும் பேச்சு இப்படி இருக்கும்:

"கம்பெனில இன்னாடா வேல குடுத்துக்கிறாங்க?"

"பவுல் ஃபீடர்னு ஒண்ணு ஆயா. ஸ்க்ரூவ கொட்டி வெச்சா அதுவே ஒண்ணொண்ணா அனுப்பும். சிக்கிக்கினா நான் எடுத்துவுடணும்."

"அதுவே அனுப்புதுன்ற. அப்பறம் நீ எதுக்கு?"

பேரன் சிரித்து மழுப்பிவிடுவான். ஆனால் தானியங்கித் தொழிலைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்வி இதுதான். இந்தக் கேள்விக்கு அப்புறம் திரும்பி வருகிறேன்.

பவுல் ஃபீடர் என்பது ஒரு எஃகுக் கிண்ணம். உட்சுவரை ஒட்டி அடியிலிருந்து விளிம்புவரை சுற்றிச் சுற்றி ஏறும் குறுகிய பாதை. கிண்ணத்துக்கு அடியில் மின்காந்தம். அதைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் சாய்வாகப் பூட்டிய பட்டை வில்கள். காந்தம் கிண்ணத்தைக் கீழே இழுக்கும்போது வில்களின் சாய்வு அதைச் சற்றே பின்னுக்குத் திருப்பும். விட்டதும் கிண்ணம் மேலேயும் முன்னேயும் ஒருசேரத் துள்ளும். இந்தத் துள்ளல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாது, விளிம்பில் விரல் வைத்தால் விரல் மரத்துப்போகும். பாதையில் கிடக்கும் ஸ்க்ரூ ஒவ்வொரு துள்ளலிலும் இம்மியளவு முன்னே எறியப்பட்டு விழுகிறது. அது விழுவதற்குள் கிண்ணம் அதன் அடியிலிருந்து பின்வாங்கியிருக்கும். முறத்தில் அரிசி கொழிப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது புரிய நேரமாகாது. மணிக்கட்டால் சுண்டிச் சுண்டி விட, அரிசி ஒரு பக்கம் நகரும், கல் ஒரு பக்கம் தங்கும். அரிசியை யாரும் தள்ளுவதில்லை. கிண்ணத்தில் அந்த மணிக்கட்டு நொடிக்கு நூறு தரம் சுண்டுகிறது.

ஏன் நூறு? நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. ஒரு சுற்றுக்குள் மின்காந்தம் இரண்டு தரம் இழுக்கும். குறுக்கே ஒரு டயோடைப் போட்டுப் பாதியை மறித்தால் ஐம்பது. வில்களையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் தானாக அதிரும்படி ஓரிரு பட்டைகளைக் கூட்டியோ குறைத்தோ இசைவாக்குவார்கள். இசைந்துவிட்டால் சின்ன இழுப்புக்கே கிண்ணம் ஆடும். இசையாவிட்டால் எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் உறுமுமே தவிர ஸ்க்ரூ ஏறாது. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு அறுபது சுற்று. அந்த ஊருக்கென்று வில் கட்டிய பழைய ஃபீடரை இங்கே கொண்டுவந்து மாட்டினால் அது சோம்பிக் கிடக்கும். அதேபோல, சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் சாதாரண கன்ட்ரோலர் போட்ட கிண்ணமும் கூடவே இறங்கும். அதிர்வெண்ணைத் தானே சரிசெய்யும் கன்ட்ரோலர்கள் இப்போது வந்துவிட்டன. ஆனாலும் பூட்டு போல்ட் ஒன்று தளர்ந்தால் சத்தம் மாறுவதை முதலில் கண்டுபிடிப்பது இன்னும் காதுதான்.

ஸ்க்ரூவை ஏற்றிவிடுவது பாதி வேலைகூட இல்லை. தலைகீழாக, குறுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி எப்படியோ ஏறி வருபவற்றை ஒரே நிலையில் வெளியே அனுப்ப வேண்டும். இங்கேதான் இந்த இயந்திரத்தின் குணம் தெரிகிறது. அது பெரும்பாலும் எதையும் திருப்பி நிமிர்த்துவதில்லை. தவறாக வருவதைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். பாதையின் குறுக்கே ஒரு தகடு, ஒரு ஸ்க்ரூ உயரத்துக்கு மட்டும் இடைவெளி விட்டு நிற்கும். மேலே தொற்றிக்கொண்டு வருவது தட்டுப்பட்டு உள்ளே விழும். அடுத்து பாதை ஒரு ஸ்க்ரூ அகலத்துக்குக் குறுகும். பக்கவாட்டில் ஜோடி சேர்ந்து வருவதில் ஒன்று நழுவும். பிறகு பாதையின் நடுவே ஒரு நீள வெட்டு. காலைவிட அகலம், தலையைவிடக் குறுகல். சரியாக வந்தது காலைத் தொங்கவிட்டுத் தலையால் தொற்றிக்கொண்டு நகரும். தொங்காததைப் பக்கத்தில் உள்ள காற்றுக் குழாய் ஊதித் தள்ளும். விழுந்தது மறுபடி கிண்ணத்தின் அடியில் கலந்து, மறுபடி ஏறி வரும். ஒரே ஸ்க்ரூ ஒரு நிமிடத்தில் பல தரம் ஏறி விழலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

இதை முதலில் நின்று பார்த்தபோது எனக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்தான் நினைவுக்கு வந்தது. உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன பெருமை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும், ஊர்ச் சபையின் குழுக்களான வாரியங்களுக்குப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். முப்பது குடும்பு, அதாவது வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாக்கிக் குடத்தில் இட வேண்டும். சபை கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க வேண்டும். பிறகு நம்பிமார் அனைவரும் படிக்க வேண்டும்.

கலைந்து கிடக்கும் குவியலிலிருந்து யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி ஒன்றை எடுப்பது எப்படி என்பதுதான் அங்கேயும் கேள்வி. அவர்களும் பார்க்காத கையைத்தான் நம்பியிருக்கிறார்கள். கிண்ணத்துக்கும் கண் கிடையாது. எது ஸ்க்ரூ, எது வாஷர், எது யாருடைய மோதிரம் என்று அதற்குத் தெரியாது. தகட்டின் உயரமும் வெட்டின் அகலமும்தான் அதன் சட்டம். ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் எதிரெதிர். ஓலைகள் விரலுக்கு ஒன்றுபோல் இருந்தால்தான் சிறுவனின் கை நியாயமான கை. ஸ்க்ரூவுக்கோ தலையும் காலும் நன்றாக வேறுபட்டிருக்க வேண்டும். எப்படித் திருப்பினாலும் ஒன்றாகவே இருக்கும் உருண்டையும் கிண்ணத்துக்குச் சுலபம், பளிச்சென்று வேறுபடும் நீண்ட ஸ்க்ரூவும் சுலபம். இரண்டுக்கும் நடுவில், ஒரு முனைக்கும் மறு முனைக்கும் மயிரிழை வித்தியாசம் மட்டும் உள்ள பின்தான் பெரும் தலைவலி.

கல்வெட்டில் என்னைக் கவர்வது சிறுவனைவிட அந்தப் பட்டியல். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 921-இன் விதிப்படி வயது முப்பத்தைந்துக்குமேல் எழுபதுக்குள். வேதப் படிப்பு வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்திருக்கக் கூடாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் குடத்தின் பக்கமே வரக் கூடாது. இவ்வளவும் ஓலை குடத்துக்குள் போகும் முன்பே நடக்கும் கழிப்பு. உத்திரமேரூர் அன்று ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர். ஏரியை வெட்டியவர்களும் ஏர் ஓட்டியவர்களும் பெண்களும் ஒருபோதும் ஓலையாகவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மக்களாட்சி என்று மேடையில் முழங்குகிறவர்கள் குடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன் நடந்ததைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கலாம்.

தொழிற்சாலையிலும் சங்கதி கிண்ணத்துக்கு முன்னால்தான். கிண்ணம் தன் அளவுக்கு வந்தவற்றில் நிலை தவறியதைத்தான் தள்ளும். தலை சற்றே பெருத்தது, மரை நசுங்கியது, முலாம் பூசும்போது இரண்டு ஒட்டிக்கொண்டது, வேறு அளவு ஸ்க்ரூ ஒன்று எப்படியோ கலந்தது, மூட்டையோடு வந்த இரும்புச் சுருள் என்று எது வந்தாலும் அது வெட்டில் செருகிக்கொள்ளும். பின்னால் வருபவை அணிவகுத்து நிற்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்துக்கு ஒன்று கோளாறு என்று வையுங்கள். கேட்க நல்ல விகிதம்தான். ஒரு பொருளுக்குப் பத்து ஸ்க்ரூ, ஆறு நொடிக்கு ஒரு பொருள். அப்படியானால் நூறு பொருளுக்கு ஒரு தரம், அதாவது பத்து நிமிட ஓட்டத்துக்கு ஒரு தரம் லைன் நிற்கும். எடுத்துவிட ஒரு நிமிடம். எட்டு மணி நேர ஷிப்டில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் காலி. லட்சத்துக்கு ஒன்று என்றால் இரண்டு ஷிப்டுக்கு ஒரு தரம்தான் நிற்கும். காசு விலையுள்ள ஸ்க்ரூவைப் பத்து லட்சத்துக்கு எத்தனை பழுது என்று எண்ணி வாங்குவது இதனால்தான். 1966-இல் பாடியில் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் போல்ட், நட்டு செய்வது பெருந்தொழில். இன்று இந்தத் தொழிலில் ஒவ்வொரு துண்டையும் கேமராவில் பார்த்துப் பொறுக்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன. அந்தப் பொறுக்கும் இயந்திரத்துக்குத் துண்டுகளை வரிசையாக அனுப்புவதும் பெரும்பாலும் ஒரு அதிரும் கிண்ணம்தான்.

ஸ்பிரிங் வாஷரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வாயில் சிறு இடைவெளி விட்ட அந்த வளையங்கள் அதிர்வில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சங்கிலியாகிவிடும். எந்தத் தகடும் எந்தக் காற்றும் அவற்றைப் பிரிக்காது. தீர்வு கிண்ணத்தில் இல்லை, வாஷரில் இருக்கிறது. கம்பியின் கனத்தைவிட இடைவெளி குறைந்தால் ஒன்று மற்றொன்றுக்குள் நுழையாது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜெஃப்ரி பூத்ராய்ட் தன் வாழ்நாளில் பெரும் பகுதியை இப்படிப்பட்ட விஷயங்களுக்குக் கொடுத்தவர். 1970களில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சின்னச் சின்னத் துண்டுகளை எப்படியெல்லாம் நிமிர்த்தலாம் என்று வகை பிரித்து, அளந்து, கையேடாக்கினார். அந்த ஆராய்ச்சி அவரை எதிர்பாராத இடத்துக்குக் கொண்டுபோனது. துண்டை நிமிர்த்த முடியவில்லை என்றால் துண்டின் வடிவத்தை மாற்று. இன்னும் நல்லது, துண்டே இல்லாமல் செய். ஸ்க்ரூக்களை வரிசையில் நிறுத்துவதில் தேர்ந்தவர் கடைசியில் ஸ்க்ரூவே வேண்டாம் என்று சொன்னார். பீட்டர் டியூஹர்ஸ்டுடன் சேர்ந்து அவர் வகுத்த முறைக்கு 1991-இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 1985-இல் ஐபிஎம் கொண்டுவந்த புரோபிரிண்டர் இந்தச் சிந்தனைக்குப் பேர்போன உதாரணம். ரோபோ பூட்டுவதற்கென்று ஸ்க்ரூவை ஒழித்து, கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் நாக்குகளை வைத்தார்கள். வைத்த பிறகு பார்த்தால் மனிதர்களே சில நிமிடங்களில் பூட்டிவிடும் அளவுக்குச் சுலபமாகியிருந்தது. பிறகு ரோபோ எதற்கு என்று ஆயாவின் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று.

2025 ஏப்ரலில் அமெரிக்க வணிகத் துறைச் செயலர் ஹோவர்ட் லுட்னிக் தொலைக்காட்சியில் ஒரு யோசனை சொன்னார். லட்சோபலட்சம் பேர் உட்கார்ந்து ஐபோனில் குட்டி ஸ்க்ரூ முடுக்கும் வேலை அமெரிக்காவுக்கு வரும், அங்கே அது தானியங்கியாகும் என்பது அதன் சாரம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இதைக் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அங்கே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கானின் டெரி கோ 2011-லேயே மூன்று ஆண்டுகளில் பத்து லட்சம் ரோபோ என்று அறிவித்தவர். மூன்று ஆண்டு போனது, பத்து லட்சம் வரவில்லை. ரோபோவின் கை மோசம் என்பதல்ல காரணம். ஒரு கிண்ணம் ஒரு ஸ்க்ரூவுக்கு மட்டும் செய்வது. டூல்ரூமில் அதைச் செய்கிறவர் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது வரைபடத்தை அல்ல, சில கிலோ ஸ்க்ரூவை. கொட்டி, ஓட்டி, எங்கே சிக்குகிறது என்று பார்த்து, பற்றவைத்து, அராவி, மறுபடி ஓட்டி, வாரக்கணக்கில் பதமாக்க வேண்டும். போன் மாடலோ ஆண்டுக்கு ஒரு தரம் மாறும். உள்ளே பல அளவில் பல வகை ஸ்க்ரூ. அரிசி மணியைவிடச் சிறியவையும் உண்டு. கிண்ணம் பதமாவதற்குள் மாடல் மாறினால், கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலைசெய்யும் பெண்ணின் விரல் மலிவாகிவிடுகிறது. அந்த விரல்களுக்குச் சோறும் வேண்டும் என்பது 2021 டிசம்பரில் ஊருக்கே தெரிந்தது. விடுதிச் சாப்பாட்டால் உடம்புக்கு முடியாமல் போய், அவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தபோது.

கார் பாகங்களில் கதை வேறு. ஒரே பாகம் ஆண்டுக்கணக்கில், லட்சக்கணக்கில் ஓடும். அங்கே கிண்ணம் கட்டுப்படியாகும். ஸ்க்ரூவைக் குழாய்க்குள் காற்றால் சுட்டு முடுக்கும் முனைக்கே அனுப்புகிறார்கள். குழாய்க்குள் புரண்டுவிடாமல் இருக்க ஸ்க்ரூவின் நீளம் தலையின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் முக்கியமான நிபந்தனை. அந்த லைனில் முன்பு நாலைந்து பேர் உட்கார்ந்து முடுக்கிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஒரு பையன் மூன்று கிண்ணங்களைப் பார்த்துக்கொள்கிறான்.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-இல் தானியக்கத்தின் முரண்கள் பற்றிச் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினார். ஆள் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கக் கொடுக்க, இயந்திரத்தால் முடியாதது மட்டும் ஆளிடம் மிஞ்சும். மிஞ்சுவது சுலபமானதாக இருக்காது. நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் காத்திருந்து, திடீரென்று எல்லாம் தெரிந்தவனாக எழ வேண்டும். அவர் மனதில் இருந்தவை ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகள். ஆனால் பவுல் ஃபீடர் பையனுக்கு அது அப்படியே பொருந்துகிறது. இரவு ஷிப்டில், ஆயிரம் தகரம் உருள்வதுபோன்ற இரைச்சலில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிற்கிறான். சிவப்பு விளக்கு எரிந்தால் சூப்பர்வைசர் வருவதற்குள் சிக்கலை எடுத்திருக்க வேண்டும். நல்ல கை உள்ளவன் இரும்புக் குச்சியைத் தொடமாட்டான். பாதையில் கீறல் விழுந்தால் அடுத்த சிக்கல் அங்கேயே வரும் என்று தெரிந்து, பித்தளைக் குச்சியால் நெம்புவான். மூட்டை மாறியதும் ஓட்டம் மந்தமானால் ஸ்க்ரூவில் எண்ணெய் கூடுதல் என்று ஊகிப்பான். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டினால் வேகம் குறையும் என்பதால், கிண்ணத்துக்கு ஸ்க்ரூ கொட்டும் ஹாப்பரின் சென்சார் ஏமாறும்போதெல்லாம் கையால் நிறுத்துவான். இது எந்த வேலை விளக்கத்திலும் இருக்காது. "நீ எதுக்கு?" என்பதற்கு அவன் சொல்லத் தெரியாமல் போன பதில் இதுதான்.

இந்தப் பதிலைக் கற்க ஓர் ஆண்டு பிடிக்கிறது. வாரியப் பெருமக்கள் முன்னூற்று அறுபது நாள் பொறுப்பில் இருந்து விலக வேண்டும் என்றது கல்வெட்டு. யாரும் பதவியில் வேரூன்றிவிடக் கூடாதென்று வைத்த கெடு. 1981-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இருபத்துநான்கு மாதங்களுக்குள் நானூற்று எண்பது நாள் வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்கிறது அது. வேரூன்ற வைப்பதற்கான சட்டம். நடப்பில் அந்த எண்ணைத் தொடுவதற்குள் கான்டிராக்ட் முடிந்துவிடுவதையும், டிரெயினி என்று பெயர் மாறிவிடுவதையும் இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லட்சத்துக்கு ஒரு ஸ்க்ரூகூடப் பழுதாக இருக்கக் கூடாதென்று கேமரா வைத்துப் பொறுக்குகிற இடத்தில், கிண்ணத்தின் சத்தம் மாறியதைக் காதால் பிடிக்கிறவனைக் கெடு முடிந்ததென்று அனுப்பிவிட்டு, பித்தளைக் குச்சி எதற்கென்று தெரியாத புதிய பையனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அடுத்த சில வாரங்களுக்கு லைன் அடிக்கடி நிற்கும். ரிப்போர்ட்டில் ஃபீடர் கோளாறு என்று எழுதுவார்கள். பழைய பையன் வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறி, வேறு அளவு நட்டு ஓடும் வேறு கிண்ணத்தின் முன்னால் முதல் நாளிலிருந்து தொடங்கியிருப்பான்.